மூச்சுப் பிடித்துச் சாப்பிட்ட ஜுனைதீன்

என் மச்சான் ஜுனைதீனைப் பற்றிக் கேட்டால் எருக்கலம்பிட்டியில் எல்லோரும் அவருடைய மூச்சைப் பற்றித்தான் பேசுவார்கள். நான் அவருடைய கையைப் பற்றிச் சொல்லப் போகிறேன். மூச்சினால் அவருக்குப் பெயர் வந்தது. கையினால் எங்களுக்குப் பசி வந்தது.

அவர் சங்கு குளிப்பவர். அரசாங்கம் முத்துக்குளிப்புக்கு உத்தரவு போட்ட ஆண்டுகளில் சிப்பியும் குளித்தார். நான் தாவூது, அவருக்குக் கயிறு பிடிப்பவன். குளிக்கிறவனின் கயிற்றை மைத்துனன்தான் பிடிக்க வேண்டும் என்பது எங்கள் வள்ளங்களில் வழக்கம். தன் தங்கை கைம்பெண்ணாகிவிடக் கூடாதே என்ற பயத்தில் அவன் கண்ணயரமாட்டானாம். என் தங்கையை, சித்தி மரியம் என்று பெயர், அவருக்குக் கட்டிக் கொடுத்தோம். பதிலுக்கு அந்தக் கயிறு எனக்குக் கிடைத்தது.

வேலை இதுதான். அவர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, கல்லில் காலை வைத்து, மூச்சை இழுத்துப் பிடித்து இறங்குவார். அடியில் கைக்கு எட்டியதையெல்லாம் அந்த ஒரே மூச்சுக்குள் வாரிக் கூடையில் போட வேண்டும். மூச்சு முட்டியதும் கயிற்றை ஆட்டுவார். நான் இழுப்பேன். கயிறு ஆடினால் மேலே நிற்பவன் யோசிக்கக் கூடாது. என்ன மச்சான், சும்மாதான் ஆட்டினாயோ என்று விசாரித்துக்கொண்டிருந்தால் ஆள் மூச்சடங்கி மையித்தாகத்தான் வருவார். தலை யோசிக்க முன்னமே கை இழுத்திருக்க வேண்டும். என் கை அப்படிப் பழகிய கை. இதை இப்போதே சொல்லி வைக்கிறேன், பின்னால் யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது.

முத்துக்குளிப்புக் கொட்டகையில் ஒரு முறை ஒரு வெள்ளைக்காரத் துரை பைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு மச்சானின் மூச்சை அளந்தார். அளந்துவிட்டு முதுகில் தட்டி மெச்சினார். 'துரை, கடிகாரத்தைச் சாப்பாட்டு நேரம் கொண்டு வாங்கோ' என்று சொல்ல எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குத் துணிவும் கிடையாது.

ஏனென்றால் மச்சான் சோற்றிலும் அதே வேலையைத்தான் செய்தார். எங்கள் ஆட்களின் கந்தூரி விருந்திலும் கலியாணத்திலும் ஆளுக்கொரு தட்டு இல்லை. ஆறு பேருக்கு ஒரு சஹன். பெரிய வட்டத் தட்டில் நடுவே சோறு, மேலே இறைச்சி, சுற்றிவரக் கறிகள். ஆறு பேரும் சுற்றியிருந்து அவரவர் முன்னால் உள்ளதை அவரவர் கையால் எடுத்துச் சாப்பிட வேண்டும். ஒற்றுமை வளரும் என்பார்கள். மச்சான் இருந்த சஹனில் ஒற்றுமை நன்றாகவே வளர்ந்தது. மற்ற ஐந்து பேரும் அவருக்கு எதிராக ஒன்றாகிவிடுவார்கள்.

அவர் உட்கார்ந்து பிஸ்மி சொல்வார். நெஞ்சு விரிய மூச்சை இழுப்பார். பிறகு குனிவார். அடுத்து நமக்குக் கேட்பது, சாப்பிட்டு முடித்தவர் சொல்லும் அல்ஹம்துலில்லாஹ்தான். இடையில் ஒரு சத்தமும் கிடையாது. அவர் நிமிரும்போது அவர் பக்கம், வலப்பக்கம், இடப்பக்கம், எதிர்ப்பக்கம் எல்லாம் வெள்ளைத் தட்டாக இருக்கும். நமக்கு முன்னால் மட்டும், நம் விரல் மறித்த இடத்தில், கொஞ்சம் சோறு ஒட்டியிருக்கும். வேண்டுமென்று செய்கிற ஆளும் இல்லை. நிமிர்ந்ததும் எங்கள் முகங்களைப் பார்த்து, "என்ன, நீங்கள் ஒருத்தரும் சாப்பிடேல்லையே?" என்று உண்மையான கவலையோடு கேட்பார். கோபம் எங்கிருந்து வரும்? பசிதான் வரும்.

அதனால் கந்தூரிக்கு வருகிறவர்கள் பள்ளிவாசல் முற்றத்தில் முதலில் பார்ப்பது சமையல் சட்டியை அல்ல, ஜுனைதீன் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதைத்தான். அவர் வலது பக்கம் நடந்தால் கூட்டம் இடது பக்கம் நகரும். விபரம் தெரியாத வெளியூர்க்காரர்தான் அவரோடு மாட்டுவார். ஒரு முறை முருங்கனிலிருந்து வந்த நெல் வியாபாரி ஒருவர் மாட்டினார். பாவம், எங்களூர்க் கந்தூரிச் சாப்பாட்டுக்கென்று காலையிலிருந்து வயிற்றைக் காயப்போட்டு வந்தவர். பிறகு ரயில் நிலையத்தில் அவர் வாழைப்பழம் வாங்கித் தின்றுகொண்டிருந்ததைக் கண்டவர்கள் இருக்கிறார்கள்.

இதெல்லாம் ஊர்ச் சிரிப்பாகத்தான் இருந்தது, அவர் மகள் றாபியாவுக்குக் கலியாண வயது வரும் வரைக்கும்.

றாபியா நல்ல பிள்ளை. என் மருமகள் என்பதற்காகச் சொல்லவில்லை. அவள் பனங்கட்டி போட்டுச் செய்யும் வட்டிலப்பத்தைச் சாப்பிட்டவர்கள் வாயைத் திறந்து பேசத் தயங்குவார்கள், ருசி போய்விடுமே என்று. ஊருக்குள் இரண்டு இடம் பேசி வந்தது. இரண்டும் சத்தமில்லாமல் நின்று போனது. ஏன் என்று எங்களுக்கு விளங்கவில்லை. கடைசியில் சித்தி மரியம் கிணற்றடியில் கேட்டுக்கொண்டு வந்தாள். பெண்ணில் ஒரு குறையும் இல்லையாம். ஆனால் இந்த வீட்டில் சம்பந்தம் செய்தால் வாழ்நாள் முழுக்க எல்லா விருந்துக்கும் ஜுனைதீனோடுதான் ஒரே சஹனில் இருக்க வேண்டுமாம். பெருநாளுக்கு இரண்டு, கந்தூரிக்கு ஒன்று, பிள்ளை பிறந்தால் ஒன்று என்று மாப்பிள்ளைகளின் தகப்பன்மார் கணக்குப் பார்த்துப் பயந்துவிட்டார்களாம்.

அதைக் கேட்டு மச்சான் சிரிக்கவில்லை. வலையைப் பிரித்துக்கொண்டிருந்தவர் வலையைக் கீழே வைத்தார்.

"என்ர கையாலயோ பிள்ளைக்குக் கலியாணம் நிக்குது?" என்று மட்டும் கேட்டார். அன்று இரண்டு தரம்தான் சாப்பிட்டார் என்றால் அவர் மனம் எவ்வளவு நொந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்போதுதான் சிலாவத்துறையிலிருந்து மூன்றாவது இடம் வந்தது. மாப்பிள்ளையின் வாப்பா ஜவாஹிர் சம்மாட்டி, சொந்தமாக வள்ளம் வைத்திருப்பவர். பையன் சாஹுல் ஹமீட் அடக்கமான பிள்ளை என்று பேர். மச்சானின் புகழ் கடலைத் தாண்டி அங்கே இன்னும் போய்ச் சேரவில்லை. அல்லாஹ் கண் திறந்தான் என்று நாங்கள் மகிழ்ந்து முடிய முன்னமே அடுத்த செய்தி வந்தது. மற்றவர்கள் சம்பந்தம் பேசி முடித்த பிறகுதான் பெண் வீட்டில் கை நனைப்பார்கள். ஜவாஹிர் சம்மாட்டி கை நனைத்த பிறகுதான் பேசுவாராம். பெண்ணின் வாப்பாவோடு ஒரே சஹனில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்த்தால் ஆளை அறிந்துவிடலாமாம். வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வருகிறாராம்.

சித்தி மரியம் அடுப்படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழும்பினாள். என் தங்கை அழுது முடித்துவிட்டு எழும்பினால் யாராவது ஒருவர் பாடுபடப் போகிறார் என்று அர்த்தம்.

"காக்கா, இந்த மனுசன்ர கையை நிப்பாட்ட ஏலாது. ஆனா சாப்பாட்டை மெதுவாக்கலாம்" என்று அண்ணனான என்னிடம் சொன்னாள். ஒரே மூச்சில் சாப்பிட முடியாத சாப்பாடாகப் பார்த்துச் சமைப்பது என்று முடிவு. வெள்ளிக்கிழமைக்கு முன் அதைப் பரீட்சை பார்ப்பது என்றும் முடிவு.

முதலில் நண்டு. பேசாலையிலிருந்து எங்கள் கூட்டாளி லோறன்ஸ் பெரிய பெரிய கடல் நண்டாகக் கொண்டுவந்து தந்தான். நண்டு சாப்பிடுவதென்றால் காலை உடைக்க வேண்டும், ஓட்டைப் பிளக்க வேண்டும், உறிஞ்ச வேண்டும். அவசரக்காரனுக்கு அதைவிடத் தண்டனை இல்லை. சித்தி மரியம் முருங்கையிலை போட்டு, உறைப்பாக, தேங்காய்ப்பால் விட்டு ஆக்கி வைத்தாள். மச்சான் பிஸ்மி சொன்னார், மூச்சை இழுத்தார், குனிந்தார். உரலில் எதையோ போட்டு இடிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அல்ஹம்துலில்லாஹ்.

லோறன்ஸ் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "யேசுவே! தாவூது, ஓடு எங்கயடா?" என்று என் காதுக்குள் கேட்டான்.

"ஓடு நல்லாத்தான் இருந்தது" என்றார் மச்சான்.

அடுத்த நாள் முள்ளு மீனும் முருங்கைக்காயும். முள்ளைப் பயந்தாவது மெல்லச் சாப்பிடுவார் என்று நினைத்தோம். அவர் கவளத்தை வாயில் போட்டார், கடைவாயால் முள்ளை வெளியே விட்டார். சோறு ஒரு பக்கத்தால் உள்ளே போய்க்கொண்டிருந்தது, முள் மறுபக்கத்தால் வந்துகொண்டிருந்தது. முருங்கைக்காய்ச் சக்கை ஒன்றும் வெளியே வரவில்லை. அது எங்கே போனது என்று கேட்க எங்களுக்கு மனம் வரவில்லை.

மூன்றாம் நாள் ஒடியல் கூழ். காய்ந்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மாவில் மீன், நண்டு, இறால், பயிற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் போட்டு, கொதிக்கக் கொதிக்க இறக்கிப் பனையோலைப் பிளாவில் ஊற்றிக் கொடுத்தாள். கொதிக்கிற கூழை யார்தான் ஒரே மூச்சில் குடிப்பார்? மச்சான் பார்த்தார். நெஞ்சு நிறைய மூச்சை எடுத்தார். ஊதினார். கடலடியில் அத்தனை நேரம் தாக்குப்பிடிக்கிற மூச்சு என்பதை நாங்கள் மறந்துவிட்டோம். கூழ் ஆறியது. பக்கத்தில் இருந்த லோறன்ஸின் கூழும் ஆறியது. அடுப்புச் சாம்பல் பறந்து சித்தி மரியத்தின் தலையெல்லாம் வெள்ளையாகி, அவள் ஒரே நொடியில் கிழவியானாள்.

"முதலே வயித்தை நிரப்பிவிட்டா என்ன?" என்று நான் கேட்டேன். அதையும் செய்து பார்த்தோம். காலையில், புட்டு அவிக்கிற நீற்றுப்பெட்டி நிறையப் புட்டும் மீன் சொதியும் கொடுத்தோம். மத்தியானம் வழக்கம்போலவே சாப்பிட்டார்.

"அது காலமைச் சாப்பாடு, இது மத்தியானச் சாப்பாடு. ரெண்டையும் ஏன் குழப்பிறியள்?" என்று எங்களைத்தான் கேட்டார்.

வியாழக்கிழமை வந்துவிட்டது. சித்தி மரியம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். மச்சான் மூலையில் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய மனிதர், கடலுக்கே பயப்படாதவர், சோற்றுக்குப் பயந்து இருந்தார்.

"மச்சான், எனக்குத் தெரியாமலே அது போகுது. குனிஞ்சா கடல் மாதிரி இருக்குது. மூச்சு முடிய முன்னம் எல்லாத்தையும் எடுத்துப்போடோணும் எண்டு கை துடிக்குது. நீயாவது ஒரு வழி சொல்லு" என்றார்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. கடலுக்குள் அவர் ஒரே ஒரு சாமானுக்குத்தான் கட்டுப்படுவார். கயிற்றுக்கு.

திட்டம் இதுதான். விருந்தாளிகள் இருக்கும் மண்டபத்துக்கும் உள் அறைக்கும் நடுவே, தென்னங்கீற்றால் பின்னிய ஒரு கிடுகுத் தட்டி. மச்சான் தட்டிக்கு முதுகு காட்டி உட்கார்வார். இடுப்பில் சாரத்துக்குள் மெல்லிய கயிறு. அது தட்டியின் அடியால் உள்ளே வரும். மறுமுனை என் கையில். கை வேகம் பிடித்தால் நான் ஒரு சுண்டு சுண்டுவேன். உடனே அவர் கையை எடுத்துவிட்டு மூச்சு விட வேண்டும். அன்று பின்னேரமே பழகிப் பார்த்தோம். என்ன சொல்ல, பெண் பிள்ளை மாதிரிச் சாப்பிட்டார். சித்தி மரியம் சந்தோசத்தில் எனக்கு இரண்டு முட்டை பொரித்துத் தந்தாள்.

ஒரு சின்னச் சங்கடம் இருந்தது. பெண்ணின் மாமன் நான், விருந்தில் இருக்க வேண்டியவன். எனக்கு வயிற்றோட்டம் என்று சொல்வதாக முடிவாயிற்று. இந்தக் கதையில் எல்லோருக்கும் நல்ல பேர் கிடைத்தது, எனக்குக் கிடைத்தது வயிற்றோட்டம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் ஜவாஹிர் சம்மாட்டி வந்தார். வெள்ளைத் தொப்பி, வெள்ளைத் தாடி, நிதானமான நடை. கூடவே அவர் சொந்தக்காரர் மூன்று பேர். எங்கள் பக்கம் மச்சானும் பள்ளிவாசல் லெப்பையும். ஆறு பேர் சரி. தரையில் பாய், பாய்க்கு மேல் விரிப்புத் துணி, துணிக்கு மேல் சஹன். நெய்ச்சோறு, ஆட்டிறைச்சி ஆணம், கத்தரிக்காய் பொரித்தது, அச்சாறு. சோற்றின் உச்சியில் ஒரு நல்லி எலும்பு, என் முன்கை அளவு இருக்கும். அந்த வாசம் கிடுகு ஓட்டையால் என் மூக்குக்குள் வந்தது. நான் காலையிலிருந்து சாப்பிடவில்லை, வயிற்றோட்டக்காரன் அல்லவா.

என் பக்கத்தில் றாபியா நின்று ஓட்டையால் பார்த்து எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மாமா, வாப்பா மூச்சு இழுக்கிறார். சுண்டுங்கோ."

சுண்டினேன். மச்சான் புஸ் என்று மூச்சை விட்டார்.

"பெரிய கவளமாப் பிசையிறார். சுண்டுங்கோ."

சுண்டினேன். கவளம் பாதியானது.

அந்தப் பக்கம் ஜவாஹிர் சம்மாட்டி சாப்பிட்ட விதத்தை நான் சொல்லியாக வேண்டும். அவர் ஒரு சோற்றை எடுப்பார். அதைப் பார்ப்பார். வாயில் வைப்பார். பிறகு ஒரு கதை தொடங்குவார். தான் முதல் முதல் வள்ளம் வாங்கிய கதை. அந்தக் கதை முடிந்த பிறகுதான் அடுத்த சோறு. விருந்தாளி கை கழுவாமல் வீட்டுக்காரன் எழும்ப முடியாது. மச்சானின் முதுகில் வியர்வை ஓடியது. அவர் காது சிவந்தது. அவருடைய வலது கை, கட்டிப்போட்ட ஆட்டைப் போல, சோற்றின் ஓரத்தில் முன்னுக்கு இழுத்துக்கொண்டு நின்றது. ஆனால் நின்றது. றாபியா சிரிப்பை அடக்கத் துணியைக் கடித்தாள். பிறகு பார்த்தால் அவள் கண் கலங்கியிருந்தது.

"மாமா, பாவம் வாப்பா" என்றாள். நான் என் வயிற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கட்டுக்கரைக் குளம் நிரம்பி வழிந்த வருடத்துக் கதையில் சம்மாட்டி இருக்கும்போது அது நடந்தது. அவர் கதையை நிறுத்தினார். மச்சானை நன்றாகப் பார்த்தார். சோற்றின் உச்சியில் இருந்த நல்லி எலும்பை இரண்டு விரலால் மெல்லத் தள்ளி மச்சானின் பக்கம் வைத்தார்.

"சாப்பிடுங்கோ சம்பந்தி" என்றார்.

சம்பந்தி! சித்தி மரியம் வட்டிலப்பத் தட்டோடு அப்படியே நின்றாள். றாபியா தலையைக் குனிந்துகொண்டாள். இன்னும் கொஞ்ச நேரம், ஒரு கை கழுவல், ஒரு பாத்திஹா ஓதல், காரியம் முடிந்துவிடும். மச்சானோ சந்தோசத்தில் ஆடிப்போனார். முன்னால் நல்லி எலும்பு. எடுக்கலாமா, கூடாதா? அவருக்குத் தெரியவில்லை. நல்ல மனிதர், எங்களுக்குக் கொடுத்த வாக்கை மீறக் கூடாது என்று, என்னிடம் உத்தரவு கேட்க நினைத்தார். இடது கையைப் பின்னால் கொண்டுவந்து கயிற்றை ஆட்டினார்.

கீழிருந்து கயிறு ஆடியது. என் கை இழுத்தது.

நான் ஒன்றும் யோசிக்கவில்லை. தூணில் காலை ஊன்றி, இரண்டு கையாலும், எத்தனையோ வருடம் அவரைச் சாவிலிருந்து இழுத்த அதே இழுவை இழுத்தேன். மச்சான் இருந்த இருப்பிலேயே பின்னோக்கிப் பறந்து வந்தார். அவர் முழங்காலுக்குள் விரிப்புத் துணி அகப்பட்டிருந்தது. துணி வந்தது, துணிக்கு மேல் இருந்த சஹனும் வந்தது. விருந்தாளிகளின் முன்னால் இருந்த சோறு, அவர்களை விட்டுவிட்டு, வீட்டுக்காரனோடு புறப்பட்டுப் போனது. கிடுகுத் தட்டி என் தலையில் விழுந்தது. மச்சான் என் மடியில் வந்து விழுந்தார். கையில் நல்லி எலும்பு. எப்போது எடுத்தார் என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

ஜவாஹிர் சம்மாட்டியின் கை, சஹன் இருந்த இடத்தில், காற்றுக்குள் நின்றது. தட்டி போய்விட்டதால் எல்லோரையும் எல்லோரும் பார்த்தோம். லெப்பை கண்ணை மூடி ஏதோ ஓதினார்.

"இது என்ன கயிறு?" என்று கேட்டார் சம்மாட்டி.

"ஆடு கட்டின கயிறு" என்றேன் நான்.

"ஆடு எங்க?"

அறுத்து ஆணமாக்கிய ஆட்டை எங்கே என்று சொல்வது? கறிச் சட்டியைக் கையால் காட்டினேன். சித்தி மரியம் என்னைப் பார்த்த பார்வையில் அடுத்ததாக அந்தச் சட்டிக்குள் போகப் போவது யார் என்று எனக்கு விளங்கிவிட்டது.

மச்சான் எழும்பி உட்கார்ந்தார். எலும்பை மெதுவாகச் சஹனில் திருப்பி வைத்தார். தலையைக் குனிந்தபடியே பேசினார்.

"சம்மாட்டியார், பொய் சொல்ல ஏலாது. நான் குளிக்கிறவன். சோத்துக்குள்ளயும் குளிச்சுப் போடுவன். என்னோட ஒருத்தரும் ஒரு சஹன்ல இருக்கமாட்டினம். அதால பிள்ளைக்கு ரெண்டு இடம் தவறிப்போட்டுது. இதுவும் என்ர கையால போயிடக் கூடாதெண்டுதான் கட்டினனான். மச்சான் உள்ளுக்கிருந்து சுண்டினவர். எலும்பை எடுக்கலாமோ எண்டு கேக்கத்தான் ஆட்டினனான். பிள்ளையில ஒரு பிழையும் இல்லை. பிழை முழுக்க நான்தான்."

இதுவரை சிரித்துக்கொண்டு சொன்ன எனக்கும் இந்த இடத்தில் சிரிப்பு வருவதில்லை.

சம்மாட்டி முதலில் என்னைப் பார்த்தார். "இவரில பிழையில்லை. கயிறு ஆடினா இழுக்கத்தான் வேணும். என்ர வள்ளத்தில இப்பிடி ஒராள் கிடைச்சா நான் விடமாட்டன்" என்றார். இதை எல்லோரும் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று நான் அன்றிலிருந்து சொல்லி வருகிறேன்.

பிறகு மச்சானைப் பார்த்தார். தாடி மெல்ல ஆடியது. கோபமோ என்று நினைத்தோம். சிரிப்பு. சாப்பாட்டைப் போலவே அவருக்குச் சிரிப்பும் மெதுவாகத்தான் வரும். வந்த பிறகு நிற்கவில்லை.

"என்னோட சாப்பிடப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்த ஆக்களைக் கண்டிருக்கிறன். இடுப்பில கயிறு கட்டிக்கொண்டு வந்த வாப்பாவை இண்டைக்குத்தான் காணுறன். உள்ளதைச் சொல்லுறன். என்ர வீட்டிலயும் ஒருத்தரும் என்னோட சஹன்ல இருக்கமாட்டினம். நான் சாப்பிட்டு முடிய முன்னம் பின்னேரத்து அஸருக்குப் பாங்கு சொல்லிப் போடுவினம்."

கூட வந்த மூன்று சொந்தக்காரரும் தலையை ஆட்டினார்கள். அத்தனை வேகமாக ஆட்டியிருக்கத் தேவையில்லை.

"கயித்தை அவிட்டுப்போட்டு இஞ்சால வாங்கோ சம்பந்தி. நீங்கள் ஓடுங்கோ, நான் மெள்ள வாறன். சோறு முடிஞ்சா இன்னும் போடுவினம்தானே?"

"போடுவம், போடுவம்!" என்றாள் சித்தி மரியம், மறைவில் நிற்க வேண்டும் என்பதையே மறந்து.

அன்றைக்கு அந்தச் சஹன் மூன்று முறை நிரம்பியது. மச்சான் முதல் முறை நிமிர்ந்தபோது சம்மாட்டி கட்டுக்கரைக் குளத்துக் கதையை விட்ட இடத்தில் தொடங்கியிருந்தார். இரண்டு பேருக்கும் வயிறு நிறைந்தது. எனக்கு வயிற்றோட்டம் என்று சம்மாட்டியிடம் முன்னமே சொல்லிவிட்டதால் கஞ்சி கொடுத்தார்கள்.

கலியாணம் பெருநாளுக்குப் பிறகு நடந்தது. எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் குடியிருக்க வந்தார். நிக்காஹ் முடிந்து சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். ஒரே சஹனில் மாப்பிள்ளை சாஹுல் ஹமீட், சம்மாட்டி, மச்சான், லெப்பை, லோறன்ஸ், நான். எனக்கு வயிறு நன்றாக இருந்தது, அதை எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். மச்சான் பிஸ்மி சொன்னதும் பழக்கத்தில் லெப்பையும் லோறன்ஸும் நானும் அவசரமாகக் கையை நீட்டினோம்.

அவர் குனியவில்லை. மூச்சையும் பிடிக்கவில்லை. சாதாரண மனிதரைப் போல மூச்சு விட்டுக்கொண்டு, இறைச்சித் துண்டுகளை ஒவ்வொன்றாக மருமகன் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். சம்மாட்டிக்குப் பொறுக்கவில்லை.

"சம்பந்தி, இண்டைக்குக் கயிறு எங்க?"

மச்சான் வாசலைக் காட்டினார். அங்கே றாபியா மருதாணிக் கையோடு, எங்கள் சஹனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அங்க நிக்குது" என்றார்.

பிறகு உச்சியில் இருந்த நல்லி எலும்பை எடுத்தார். மாப்பிள்ளைக்குத்தான் என்று நினைத்தேன். என் முன்னால் வைத்தார்.

"இது உனக்கு மச்சான். எத்தினை தரம் என்னை மேல இழுத்திருப்பாய்" என்றார்.

எத்தனையோ வருடக் கந்தூரியில் அவரிடமிருந்து எனக்குக் கிடைத்த முதல் எலும்பு அது. ஆசையோடுதான் கடித்தேன். பாதியோடு நிறுத்தி அவர் பக்கம் தள்ளினேன். மிச்சத்தை மச்சான் எடுத்துச் சாப்பிட்டார், ஒரே மூச்சில்.